வாடகை அதிகம் கிடைக்கும் மாடியில் மியூசியம் எதற்கு?

டோக்கியோவின் ரொப்போங்கி ஹில்ஸ் வளாகத்தில் 54 மாடிக் கோபுரம் ஒன்றைக் கட்டிவிட்டு, நல்ல வாடகைக்குப் போகக்கூடிய 53ஆம் மாடியைக் கலை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்களே, இது கலை ஆர்வமா, கணக்கா, வெறும் பகட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு, அங்கே முன்பு குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள், இதே மாதிரியை வேறு ஊரில் செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் தனித்தனிக் கேள்விகளாகத் தெரிந்தாலும், உண்மையில் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: கடை, வீடு, அலுவலகம், கலை எல்லாவற்றையும் ஒரே கைக்குள் வைப்பதால் யாருக்கு என்ன லாபம்? பெரிய நகரமைப்புத் திட்டங்களின் வரவுசெலவைப் பரிசீலிப்பது பல வருடங்களாக என் தொழில். ஜப்பானில் நான் வேலை பார்த்ததில்லை. அந்த ஊரின் சட்டத்தையும் இந்த வளாகத்தின் வரலாற்றையும் வெளியே கிடைக்கும் ஆவணங்கள் வழியாகவே படித்திருக்கிறேன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

குடியிருந்தவர்களிடமிருந்தே தொடங்குகிறேன். மியூசியம் எப்படி வந்தது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ரொப்போங்கி ஹில்ஸ் சுமார் 11 ஹெக்டேர் நிலத்தில் நிற்கிறது. அது யாரோ ஒரு பெரும் பணக்காரரின் காலி மனை இல்லை. ஒரு பக்கம் டிவி அசாஹி தொலைக்காட்சியின் பழைய நிலையம் இருந்தது. மீதி இடத்தில் சரிவான நிலத்தில் மர வீடுகள், சிறு அடுக்குமாடிகள், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகள். உரிமையாளர்கள் மட்டும் சுமார் 400 பேர். 1986இல் டோக்கியோ மாநகர அரசு இந்தப் பகுதியை மறுமேம்பாட்டுக்கு உரிய இடமாக அறிவித்தது. வளாகம் திறக்கப்பட்டது 2003 ஏப்ரலில். இடையில் ஓடியது 17 வருடம். அதில் கட்டுமானம் மூன்று வருடம்தான், 2000இல் தொடங்கி 2003இல் முடிந்தது. மற்ற 14 வருடமும் பேச்சுவார்த்தை.

அத்தனை வருடம் என்ன பேசினார்கள்? ஜப்பானில் 1969இல் வந்த நகர மறுமேம்பாட்டுச் சட்டம் ஒரு ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. நில உரிமையாளர்களும் நிலக் குத்தகை உரிமை உள்ளவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைக்கலாம். அதற்குக் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். சங்கம் அமைந்த பிறகு ஒவ்வொருவரின் நிலத்துக்கும் வீட்டுக்கும் மதிப்பு போடுவார்கள். அந்த மதிப்புக்குச் சமமான தளப்பரப்பு புதிய கட்டடத்தில் அவருக்குக் கிடைக்கும், கைக்காசு கொடுக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்பவர் பணமாக வாங்கிக்கொண்டு போகலாம். பழைய உரிமையாளர்களுக்கெல்லாம் கொடுத்தது போக மிஞ்சும் தளப்பரப்பைச் சங்கம் விற்கும். அந்தப் பணத்தில்தான் கட்டடமே எழும்புகிறது. ரொப்போங்கியில் அந்த மிச்சத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டது மோரி பில்டிங் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம்.

இந்த ஏற்பாடு வேலை செய்ய வேண்டுமானால் மிஞ்சுவதற்குத் தளப்பரப்பு வேண்டும். பழைய சந்துகளில் இரண்டு மூன்று மாடிகளாகப் பரவியிருந்ததை வானத்தை நோக்கி அடுக்கினால்தான் மிஞ்சும். அதற்கு அரசு தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது ஒரு மனையில் எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்ற வரம்பை, நாம் எஃப்.எஸ்.ஐ. என்று சொல்கிறோமே அதை, உயர்த்தித் தர வேண்டும். அரசு சும்மா தராது. சாலை போட்டுக் கொடு, திறந்தவெளி விடு, ஊருக்குப் பயன்படும் எதையாவது கட்டு என்று கேட்கும். இங்கே கேயாகிசாக்கா என்ற புதிய மரவரிசைச் சாலையும், இரண்டு பெரும் சாலைகளை இணைக்கும் பாதையும் திட்டத்தின் பகுதியாகவே வந்தன. கடைசியில் எழுந்த மொத்தத் தளப்பரப்பு 7 லட்சம் சதுர மீட்டருக்கு மேல், செலவு சுமார் 27,000 கோடி யென்.

இப்போது மியூசியத்தைப் பாருங்கள். அதன் வேலை இந்தப் பேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. 400 பேரை ஒரு மேசையில் உட்காரவைத்து, மாநகர அரசிடம் உயரம் கேட்டு, வங்கியிடம் கடன் கேட்கப் போகிறவர் ‘அலுவலகக் கோபுரம் கட்டுகிறேன்’ என்று சொன்னால் ஒரு பேச்சு. ‘நகரத்துக்கு ஒரு கலாச்சார மையம் கட்டுகிறேன், அதைச் சுற்றி மற்றதெல்லாம் வரும்’ என்று சொன்னால் பேச்சு வேறு. இதை நான் குத்தலாகச் சொல்லவில்லை. மோரி பில்டிங்கின் அப்போதைய தலைவர் மினோரு மோரி, நவீனக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேவின் ஓவியங்களைத் தேடிச் சேகரித்தவர். நிலத்தைத் திறந்தவெளியாக விட்டு வீட்டையும் வேலையையும் மேலே அடுக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தவர். அவருக்குக் கலையில் ஈடுபாடு இருந்தது நிச்சயம். ஆனால் ஈடுபாடு இருப்பவர்கள் எல்லோரும் 53ஆம் மாடியைக் கொடுத்துவிடுவதில்லை. கொடுக்க முடிந்ததற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், அவருக்கு முன்னனுபவம் இருந்தது. அதே நிறுவனம் 1986இல் ஆர்க் ஹில்ஸ் என்ற வளாகத்தைத் திறந்தது. அலுவலகம், ஹோட்டல், வீடுகள், நடுவே சன்டோரி ஹால் என்ற இசையரங்கம். அரங்கின் அமைப்புக்கு ஆலோசனை சொன்னவர் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் காராயன். டோக்கியோ தன் நிதிச் சந்தையை வெளிநாட்டவருக்குத் திறந்துவிட்ட நேரம் அது. வெளிநாட்டு வங்கிகள் ஆர்க் ஹில்ஸுக்கு வந்து குவிந்தன. டிவி அசாஹியும் அங்கே குடிபெயர்ந்து, ரொப்போங்கியில் புதுக் கட்டடம் எழுந்த பிறகே திரும்பியது. வங்கிகள் இசையரங்குக்காக வந்தன என்று நான் சொல்ல மாட்டேன். இசையரங்கு இருந்ததால் அந்த இடத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. அலுவலகம் தேடுகிறவர்கள் பெயருக்கும் காசு கொடுப்பார்கள்.

இரண்டாவது காரணம் நேரம். இந்த வளாகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கட்டடத்தின் அழகைப் பேசுவார்கள். என் தொழிலில் நாங்கள் முதலில் போட்டுப் பார்ப்பது மணிக்கணக்கு. அலுவலகம் வார நாளில் காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை உயிரோடு இருக்கும். சனி ஞாயிறு செத்துக் கிடக்கும். அந்த இரண்டு நாளும் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடைக்கு யார் வருவார்கள்? மோரி கலை அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை தவிர மற்ற நாட்களில் இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. டோக்கியோவின் பெரும்பாலான மியூசியங்கள் மாலை ஐந்து, ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிடும். இரவு எட்டு மணிக்கு ஒருவர் கலைப் படைப்புகளைப் பார்க்க வருகிறார் என்றால் அவர் கீழே சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். 52ஆம் மாடியில் நகரத்தைப் பார்க்கும் காட்சித்தளம் இருக்கிறது. நகரத்தைப் பார்க்க ஏறி வருகிறவருக்குக் கலை ஒரு மாடி தள்ளி இருக்கிறது. கலைக்கென்று வீட்டிலிருந்து கிளம்பியிருக்க மாட்டார், மேலே வந்துவிட்டதால் எட்டிப் பார்ப்பார். தரைத்தளத்தில் வைத்திருந்தால் இந்தக் கூட்டம் கிடைத்திருக்காது. ஏறுவதற்கும் தனி நுழைவாயில் வைத்தார்கள், அலுவலகக்காரர்களோடு இடிபட வேண்டாம் என்று.

இந்த மணிக்கணக்கு தரைக்கு அடியிலும் ஓடுகிறது. சொல்லப்போனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். அலுவலகம் பகலில் மின்சாரத்தையும் குளிரூட்டலையும் விழுங்கும். வீடுகள் காலையிலும் இரவிலும் கேட்கும். ஹோட்டலுக்கு வெந்நீர் எந்நேரமும் வேண்டும். தனித்தனியாகக் கட்டினால் ஒவ்வொன்றின் உச்சத் தேவைக்கும் தனித்தனியாக இயந்திரம் வாங்கிப் போட்டு, பாதி நேரம் சும்மா வைத்திருக்க வேண்டும். சேர்த்துக் கட்டினால் ஒன்று ஓயும்போது இன்னொன்று எடுத்துக்கொள்ளும். பார்க்கிங்குக்கும் இதே கணக்குதான். ரொப்போங்கி ஹில்ஸ் தனக்கென்று எரிவாயுவில் ஓடும் மின்நிலையத்தை வைத்துக்கொண்டது. மின்சாரம் எடுத்தபின் வெளியேறும் சூட்டை வெந்நீருக்கும் குளிரூட்டலுக்கும் பயன்படுத்துகிறது. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து டோக்கியோவில் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது, இந்த வளாகம் தன் தேவையைக் குறைத்துக்கொண்டு பகலில் 4,000 கிலோவாட்டும் இரவில் 3,000 கிலோவாட்டும் டோக்கியோவுக்கு மின்சாரம் வழங்கும் டெப்கோ நிறுவனத்துக்குக் கொடுத்தது. ஒரு கட்டடம் நகரத்துக்கே மின்சாரம் கொடுத்தது அபூர்வம். நிலநடுக்கத்துக்குப் பிறகு வாடகைக்கு இடம் தேடிய நிறுவனங்களுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா?

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது, அதிகம் பேசப்படாததும் அதுவே. மியூசியம் தன் டிக்கெட் வருமானத்தில் தனியாக நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அது கொண்டுவரும் கூட்டத்தின் பயன் கடை வாடகையில் தெரியும், அது கொடுக்கும் பெயரின் பயன் அலுவலக வாடகையில் தெரியும், வீட்டின் விலையில் தெரியும். அந்தப் பயன் யார் பையில் விழுகிறது என்பதே கேள்வி. கட்டி விற்றுவிட்டுப் போகிற டெவலப்பருக்கு அது விழாது. விற்ற அன்றே அவருடைய கணக்கு முடிந்துவிடும், மியூசியம் அவருக்குச் செலவு மட்டுமே. மோரி பில்டிங் தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் வாடகை வாங்குகிற நிறுவனம். பங்குச் சந்தையில் இல்லாத குடும்ப நிறுவனமும் கூட. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ‘இந்த மாடி ஏன் லாபம் தரவில்லை’ என்று கேட்க வெளியார் யாரும் கிடையாது. வீட்டுத் திண்ணையை வாடகைக்கு விடாமல் வருகிறவர்கள் உட்கார விட்டுவைத்த வீட்டுக்காரருக்கு அந்தத் திண்ணையால் கிடைக்கும் மரியாதை வீடு முழுவதற்கும் சேரும். வீடு அவருடையதாக இருக்கும் வரைதான் அந்தக் கணக்கு செல்லும்.

ஆக, கலை ஆர்வமா கணக்கா என்றால், நீண்ட காலம் காத்திருக்கக்கூடியவரின் கணக்கு என்பேன். பகட்டு என்பதை நான் ஒதுக்கவில்லை. அது இந்தக் கணக்கில் வரவுப் பக்கத்தில் இருக்கிறது.

சரி, இதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு ஊகம்? சட்டம், வருடங்கள், உரிமை மாற்றும் முறை, மின்நிலையம், மியூசியத்தின் நேரம் எல்லாம் உறுதி. வெவ்வேறு பயன்பாடுகளைச் சேர்த்தால் உச்சத் தேவை குறையும் என்பது கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய விஷயம், அதில் சர்ச்சை இல்லை. ஆனால் மியூசியம் இருப்பதால் அலுவலக வாடகை இத்தனை சதவீதம் உயர்ந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அதைப் பிரித்தெடுக்க வழியே இல்லை. ஒரே நாளில் சாலை, கடை, ஹோட்டல், சினிமா, பூங்கா, புதுக் கோபுரம் எல்லாம் சேர்ந்து வந்தன. எது எதை உயர்த்தியது என்று எப்படிச் சொல்வது? மியூசியம் இல்லாத ஒரு ரொப்போங்கி ஹில்ஸ் பக்கத்தில் இருந்தால் ஒப்பிடலாம், அப்படி ஒன்று இல்லை. பக்கத்தில் இருப்பது 2007இல் திறந்த டோக்கியோ மிட்டவுன், அதிலும் சன்டோரி கலை அருங்காட்சியகம் வந்து உட்கார்ந்துவிட்டது. அதே வருடம் நடந்து போகும் தூரத்தில் தேசியக் கலை மையமும் திறந்தது. ஒருவர் செய்ததை மற்றவர்களும் செய்தார்கள் என்பதால் அது லாபம் என்று ஆகிவிடாது. தொழிலில் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்து கையைச் சுட்டுக்கொண்டதும் நிறைய உண்டு. ஒன்று மட்டும் சொல்லலாம். கோபுரத்தின் பிரபலமான வாடகைதாரர்கள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். லைவ்டோர் என்ற இணைய நிறுவனத்தில் 2006இல் அரசு வழக்கறிஞர்கள் சோதனை நடத்தினார்கள், லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி 2008இல் திவாலானது. கோபுரத்தின் பெயர் அவர்களோடு சேர்ந்து போகவில்லை. மியூசியம் அதே மாடியில் இருக்கிறது.

குடியிருந்தவர்களிடம் திரும்புகிறேன், அவர்களைப் பாதியில் விட்டுவிட்டேன். பழைய உரிமையாளர்களில் பெரும்பகுதியினர் திட்டத்தில் சேர்ந்து, வளாகத்துக்குள்ளேயே அடுக்குமாடி வீடுகளாக வாங்கிக்கொண்டார்கள். குடியிருப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆகஸ்டில் வளாகத்தின் வட்ட அரங்கில், முன்னோரை நினைத்து ஊர் கூடி ஆடும் போன் ஓதோரி நடனம் நடக்கிறது. இவையெல்லாம் நிறுவனம் பெருமையோடு சொல்லும் பகுதி, பொய்யில்லை. சொல்லாமல் விடும் பகுதியும் உண்டு. 14 வருடப் பேச்சுவார்த்தைக்கு நடுவே 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் நில விலை சரிந்தது. 1988இல் கோடீஸ்வரராகத் தன்னை நினைத்துக்கொண்டிருந்தவரின் நிலம் உரிமை மாற்றும் நேரத்தில் வேறு மதிப்பில் நின்றது. வாடகை வீட்டில் இருந்தவரின் நிலை உரிமையாளரின் நிலை மாதிரி இருக்காது. நிலமோ நிலக் குத்தகை உரிமையோ கட்டடமோ யாருடையதோ, அவருக்குத்தான் புதிய தளப்பரப்பு. சந்தில் சொந்த வீட்டில் இருந்த முதியவருக்குப் புது வீடு இலவசமாகக் கிடைத்தாலும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வரும். லிஃப்ட், காவல், தீ அணைப்பு, தோட்டம் எல்லாம் அதில் அடக்கம். உயரக் கட்டடத்துக்குப் போகிற எவருக்கும், எந்த நாட்டிலும், இந்தக் கட்டணம்தான் முதல் அதிர்ச்சி. இடத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறியவர்கள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பதை வளாகத்தின் ஆவணங்களிலிருந்து சொல்ல முடியாது, அவற்றில் தங்கியவர்களின் குரல்தான் இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் போதும் என்ற விதியில் மீதி ஒரு பங்கின் கதை எப்போதும் மெல்லியதாகவே பதிவாகும்.

எல்லாம் ஒரே கையில் இருப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. 2004 மார்ச்சில் கோபுரத்தின் நுழைவாயிலில் இருந்த பெரிய சுழல்கதவில் சிக்கி ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். சுழல்கதவுகள் அகற்றப்பட்டன. கூட்டத்தை வரவழைக்கும் வேலையை ஏற்றுக்கொண்டவர் அந்தக் கூட்டத்தின் ஒவ்வொரு கையையும் காலையும் நினைத்துப் பார்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. அலுவலகக்காரர்கள் மட்டும் நுழையும் கட்டடத்தில் குழந்தை ஓடி வரும் என்று யாரும் நினைப்பதில்லை. மியூசியமும் காட்சித்தளமும் வைத்த பிறகு அப்படி நினைக்காமல் இருக்க முடியாது.

கடைசிக் கேள்வி, வேறு ஊரில் செய்ய முடியுமா என்பது. கட்டடத்தைச் செய்யலாம். ஹாங்காங்கில் மேற்கு கவ்லூன் பகுதியில் கடலை நிரப்பி எடுத்த 40 ஹெக்டேர் நிலத்தில் இதைத்தான் யோசித்தார்கள். 2003இல் வந்த திட்டப்படி ஒரே டெவலப்பரிடம் முழு நிலத்தையும் கொடுத்துவிட வேண்டும். அவர் வீடும் கடையும் கட்டிச் சம்பாதித்து, அதிலிருந்து மியூசியங்களைக் கட்டி நடத்த வேண்டும். கலைக்காரர்களும் பொதுமக்களும் இது ரியல் எஸ்டேட்டுக்குப் போட்ட கலைப் போர்வை என்றார்கள். 2006இல் அரசு அதைக் கைவிட்டது. பிறகு 2008இல் தனி ஆணையம் அமைத்து 2,160 கோடி ஹாங்காங் டாலரை மொத்தமாகக் கொடுத்தார்கள். எம் பிளஸ் அருங்காட்சியகம் 2021இல் திறந்தது, நல்ல மியூசியம் என்று பேர் வாங்கியது. ஆனால் வாடகை தரும் கட்டடங்கள் கலைக்கட்டடங்களின் வேகத்தில் வரவில்லை, கையிருப்பு கரைந்தது. 2024இல் ஆணையம் தன் குடியிருப்பு நிலத்தை விற்றுக்கொள்ள அரசு வழி விட்டது. 2003இல் எதிர்த்தவர்கள் தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு டெவலப்பரின் கையில் கலையை ஒப்படைப்பது பற்றி அவர்கள் பயந்தது நியாயமான பயம்தான், அவர் நினைத்த நாளில் மியூசியத்தை மூடினால் தடுக்க யாரும் இல்லை. ரொப்போங்கியிலும் அந்த ஆபத்து இன்றும் உண்டு. நல்லெண்ணம் உள்ள ஒரு குடும்பத்தின் கையில் இருப்பது அதிர்ஷ்டம், ஒப்பந்தம் இல்லை.

ஆகவே உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வருகிறது, கலையரங்கம் கட்டுகிறோம் என்று சொல்லிக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் அரங்கம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நான் பார்க்க மாட்டேன். அனுமதி ஆணையில் மூன்று விஷயங்களைத் தேடுவேன்: கடையும் அலுவலகமும் கட்டி முடித்த பிறகு யார் பெயரில் இருக்கும், அரங்கத்தின் வருடாந்தரச் செலவு எந்த வாடகையிலிருந்து வரும் என்று எழுதியிருக்கிறதா, அரங்கம் மூடப்பட்டால் கொடுத்த கூடுதல் தளப்பரப்புக்கு ஈடாக அரசு எதைத் திரும்பக் கேட்கும். நான் பார்த்த கோப்புகளில் முதலாவது அநேகமாக இருக்கும், இரண்டாவது எப்போதாவது இருக்கும். மூன்றாவதை எழுதச் சொன்னால்தான் டெவலப்பரின் வக்கீல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.